விஷப் பூவுக்கு ஒரே விருந்தாளி

ஆல்ப்ஸ் மலைச் சரிவில் ஆகஸ்டு மாதக் காலை. இரவெல்லாம் இறங்கிய பனி இன்னும் புல் நுனியை விட்டுப் போகவில்லை. கோடைக்கென்று மேலே ஓட்டி வரப்பட்ட மாடுகள், கழுத்து மணி குலுங்க மேய்ந்துகொண்டிருக்கின்றன. சுற்றுவட்டாரத்துப் புல்லையெல்லாம் மொட்டை அடித்தாற்போல் மேய்ந்து தீர்த்துவிட்டன. ஆனால் மேய்ப்பர் குடிசைக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரம் வளர்ந்து நிற்கும் ஒரு செடிக் கூட்டத்தை மட்டும் ஒரு மாடும் தொடவில்லை. அதன் பக்கம் வந்ததும் விலகிப் போய்விடுகின்றன.

செடி அழகில் குறைந்ததல்ல. கைவிரல்போலப் பிளந்த கரும்பச்சை இலைகள். உச்சியில் முழ நீளக் கதிர். கதிரைச் சுற்றிலும் ஆழ்ந்த நீல நிறத்தில் பூக்கள். ஒவ்வொரு பூவும் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறது. ஜெர்மானியர் இதற்கு 'இரும்புத் தொப்பி' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர் கண்ணுக்கு அதே தொப்பி துறவியின் முக்காடாகத் தெரிந்தது. அப்படியே பெயரும் வைத்துவிட்டார்கள்.

இந்தக் குளிரில் தேனீக்கள் கூட்டை விட்டுக் கிளம்பவில்லை. பட்டாம்பூச்சிகள் இறக்கையை விரிக்க வெயிலுக்காகக் காத்திருக்கின்றன. அப்போது ஒரு ரீங்காரம் கேட்கிறது. குண்டாக, உடம்பெல்லாம் மயிர் போர்த்த ஓர் ஈ வந்து கதிரின் அடிப்பூவில் இறங்குகிறது. தொப்பிக்குள் தலையை நுழைக்கிறது. மாடு அஞ்சும் செடியில், மனிதனும் அஞ்சும் செடியில், அது பாட்டுக்கு உட்கார்ந்து காலை ஆகாரம் சாப்பிடுகிறது!

அந்தச் செடி நமக்கு அந்நியமல்ல. பெயரைச் சொன்னால் நாட்டு மருந்துக் கடைக்காரர் உடனே தலையை ஆட்டுவார். வச்சநாபி, சுருக்கமாக, நாபி. நம் கடைக்கு வருவது இமயமலையில் விளையும் இனம். ஆல்ப்ஸில் நிற்பது அதன் உடன்பிறப்பு. உலகத்தின் வடபாதியில், குளிர் மலைகளிலும் குளிர் தேசங்களிலும், இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 300 இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை நீலம் அல்லது ஊதா. மஞ்சள் நிறத்திலும் சில உண்டு.

விஷத்தின் வேகம்

நாபியில் விஷமில்லாத பாகம் என்று ஒன்று கிடையாது. இலை, தண்டு, விதை, பூ எல்லாவற்றிலும் இருக்கிறது. கிழங்கில் மிக அதிகம். அதில் முக்கியமான விஷத்துக்கு அக்கோனிட்டின் என்று பெயர். சுத்தமான அக்கோனிட்டின் 2 மில்லிகிராம் வயிற்றுக்குள் போனாலே வளர்ந்த மனிதனின் உயிருக்கு ஆபத்து என்கிறார்கள். 2 மில்லிகிராம் என்பது ஓர் அரிசி மணியின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு!

நரம்புகளிலும் இருதயத் தசையிலும், உப்பிலிருக்கும் சோடியம் புகுந்து வரச் சின்னஞ்சிறு வாசல்கள் உண்டு. கணத்துக்குக் கணம் அவை திறந்து மூடுவதால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது. இருதயம் தாளம் தவறாமல் அடிக்கிறது. அக்கோனிட்டின் அந்த வாசல்களைத் திறந்தபடியே பிடித்துக்கொள்கிறது, மூட விடுவதில்லை. முதலில் உதடும் நாக்கும் சுறுசுறுவென்று குத்தி மரத்துப்போகும். பிறகு கை கால் மரக்கும், வாந்தி வரும். கடைசியில் இருதயம் தாளம் கெட்டு, நின்றே போகலாம். இதற்கென்று தனி மாற்று மருந்து இன்றுவரை இல்லை. ஆஸ்பத்திரியில் இருதயத்தையும் மூச்சையும் தாங்கிப் பிடித்து, விஷம் வடியும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம்.

கிரேக்கர்கள் இதற்கு ஒரு கதை கட்டினார்கள். பாதாளத்தைக் காவல் காக்கும் பல தலை நாயை ஹெர்குலிஸ் மேலே இழுத்து வந்தானாம். அதன் வாயிலிருந்து சிந்திய நுரையில் முளைத்தது இந்தச் செடியாம். ஜப்பானின் வடகோடியில் வாழும் ஐனு மக்கள் கதை கட்டவில்லை. கிழங்கை அரைத்து அம்பு நுனியில் தடவினார்கள். அந்த அம்புக்குக் கரடியே விழுந்தது.

1856-ல் ஸ்காட்லாந்தில் டிங்வால் என்ற ஊரில் ஒரு விருந்து நடந்தது. இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளக் காரமான ஒரு வேரைத் தோண்டி வரும்படி வேலைக்காரரை அனுப்பினார்கள். அவர் தோட்டத்தில் பக்கத்துச் செடியின் கிழங்கைத் தோண்டி வந்துவிட்டார். அது நாபி. விருந்துக்கு வந்த பாதிரிமார் உள்பட சிலர் அங்கேயே மாண்டார்கள்.

அது தவறுதலாக நடந்தது. 1881 டிசம்பரில் நடந்தது அப்படியல்ல. இங்கிலாந்தில் விம்பிள்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துவந்த 18 வயது மைத்துனனைப் பார்க்க ஜார்ஜ் லாம்சன் என்ற டாக்டர் வந்தார். கையோடு ஒரு கேக்கும் கொண்டுவந்தார். அன்றிரவே பையன் இறந்தான். பையனின் சொத்தில் டாக்டருக்குக் கண். அக்கோனிட்டினைப் பிணத்தில் கண்டுபிடிக்க வழியில்லை என்று மாணவப் பருவத்தில் கேட்டிருந்ததை நம்பிக்கொண்டிருந்தார் அவர். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் ரசாயன நிபுணர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ன செய்தார் தெரியுமா? உடலிலிருந்து பிரித்தெடுத்த சத்தைத் தம் நாக்கு நுனியிலேயே வைத்துப் பார்த்தார். அந்தச் சுறுசுறுப்பும் மரப்பும் வேறெந்த விஷத்துக்கும் இல்லை. எலிகளுக்கும் ஊசி போட்டுச் சோதித்துக்கொண்டு சாட்சி சொன்னார். 1882 ஏப்ரலில் லாம்சன் தூக்கில் தொங்கினார்.

நம் வைத்தியர்கள் இந்தக் கிழங்கைப் பசுவின் சிறுநீரில் ஊறப்போட்டுச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். சீனத்தில் நெடுநேரம் வேகவைக்கிறார்கள். வேகும்போது கடும் விஷம் உடைந்து வீரியம் குறைந்த பொருளாகிவிடுகிறது. எவ்வளவு நேரம், எந்த அளவு என்பதில் கைத்தவறு நேர்ந்து உயிர் போனதுண்டு. வீட்டில் செய்து பார்க்கிற காரியமல்ல இது. வேடிக்கை என்னவென்றால், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிறார்களே அதிவிடயம், அதுவும் இந்தக் குடும்பத்துச் செடிதான். அக்கோனிட்டின் விஷம் அதற்கு வரவில்லை.

தொப்பிக்குள் இருக்கும் ரகசியம்

இத்தனை விஷத்தை வைத்துக்கொண்டு யாரையும் கிட்டே அண்டவிடாத செடிக்கு ஒரே ஒரு தேவை இருக்கிறது. ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடிக்கு எடுத்துப்போக யாராவது வேண்டும். காற்றை நம்பிப் பயனில்லை. அதற்காகத்தான் நீலமும் தொப்பியும்.

தொப்பி வெறும் அலங்காரமல்ல. அதற்குள் நீண்ட காம்பில் இரண்டு தேன் கிண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. கிண்ணங்கள் இருப்பது தொப்பியின் உச்சியில். பூவுக்குள் வரும் பூச்சி, நடுவிலுள்ள மகரந்தத் தாள்களைக் காலால் கட்டிப் பிடித்து, தொப்பிக்குள் மேல்நோக்கி ஏறி, நாக்கை நன்றாக நீட்டினால்தான் தேன் கிடைக்கும். அப்படி ஏறும்போது அதன் வயிறு மகரந்தத்தில் புரளும். சின்னப் பூச்சியாக இருந்தால் வயிறு மகரந்தத்தில் படாது. நாக்குக் குட்டையாக இருந்தால் கிண்ணம் எட்டாது. வழியை ஊகிக்கும் புத்தி இல்லாவிட்டால் தேன் இருப்பதே தெரியாது.

இன்னொரு தந்திரத்தையும் பாருங்கள். கதிரில் பூக்கள் கீழிருந்து மேலாக மலர்கின்றன. ஒவ்வொரு பூவும் முதல் சில நாள் ஆணாக இருக்கிறது. மகரந்தம் மட்டும் தரும். தாள்கள் உதிர்ந்து வாடிய பிறகு பெண்ணாக மாறி, மகரந்தத்தை ஏற்கும். ஆகவே கதிரின் அடியில் மூத்த பூக்கள், பெண். உச்சியில் இளைய பூக்கள், ஆண். தேன் அதிகம் இருப்பதும் அடிப்பூக்களில்தான். நம் விருந்தாளி எப்போதும் அடியில் இறங்கி, மாடிப்படி ஏறுவதுபோல ஒவ்வொரு பூவாக மேலே போவாள். ஆகவே வேறு செடியிலிருந்து வயிற்றில் ஒட்டிவந்த மகரந்தம் முதலில் பெண் பூக்களுக்குப் போகிறது. உச்சிக்குப் போய்ப் புதிய மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த செடிக்குப் பறக்கிறாள். அங்கேயும் அடிப்பூவில் இறங்குகிறாள். கலியாண வீட்டில் முன்வாசல் வழியாக வந்தவர்களைப் பின்வாசல் வழியாக அனுப்புகிற மாதிரி, தன் மகரந்தம் தனக்கே வந்து சேராதபடி செடி ஏற்பாடு செய்துவிட்டது.

கம்பளி போர்த்த ஈ

யார் இந்த விருந்தாளி? ஆங்கிலத்தில் 'பம்பிள் பீ' என்பார்கள். தமிழில் இதற்குப் பழைய பெயர் கிடையாது. அதற்குக் காரணமும் உண்டு, பின்னால் பார்ப்போம். முருங்கைப் பூவைச் சுற்றிவரும் நம் ஊர்க் கருவண்டுக்கு ஒரு கம்பளிச் சட்டை போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டால் உருவம் பிடிபடும். குண்டுத் தேனீ என்று சொல்லலாம்.

தேனீக் கூட்டில் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். கூடு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். குண்டுத் தேனீயின் குடித்தனம் அப்படிப்பட்டதல்ல. ஒரே ஒரு ராணி மண்ணுக்கடியில் தனியாகக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வெளியே வருகிறாள். எலி வளை போன்ற ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கிறாள். தானே மெழுகு சுரந்து, தானே முட்டையிட்டு, தானே தேன் தேடி முதல் பெண்களை வளர்க்கிறாள். அவர்கள் தலையெடுத்த பிறகுதான் அவளுக்கு ஓய்வு. கூட்டம் பெருகினாலும் சில நூறைத் தாண்டுவது அபூர்வம். இலையுதிர் காலத்தோடு எல்லோரும் இறந்துவிடுவார்கள். புதிய ராணிகள் மட்டும் மண்ணுக்குள் போவார்கள்.

மலைக்கு ஏற்ற சரீரம் இது. குண்டுத் தேனீ பறப்பதற்கு முன் இறக்கையை அசைக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் நடுங்கவைத்து உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறது. வெளியே 5 டிகிரி செல்ஷியஸ் குளிர் இருந்தாலும் நெஞ்சை 30 டிகிரிக்கு மேல் காய்ச்சிக்கொண்டு கிளம்பிவிடும். சாதாரணத் தேனீக்கு 10 டிகிரிக்குக் கீழே போனால் கூட்டை விட்டு வர மனமிராது. மழை தூறினாலும் மேகம் மூடினாலும் குண்டுத் தேனீ வேலைக்குப் போகிறது. தேனீயின் நாக்கு 6, 7 மில்லிமீட்டர்தான். குண்டுத் தேனீகளில் சில ஜாதிகளுக்கு 1 சென்டிமீட்டருக்கு மேல். நாபியின் தொப்பி இந்த நீண்ட நாக்கை அளவெடுத்துத் தைத்த சட்டை.

நீண்ட நாக்கின் மதிப்பை நியூஜிலாந்தில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் செலவழித்துக் கற்றுக்கொண்டார்கள். அங்கே கால்நடைத் தீவனத்துக்காகச் சிவப்புக் குளோவர் விதைத்தார்கள். செழித்து வளர்ந்தது, விதை மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. கடைசியில் 1885-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் குண்டுத் தேனீ ராணிகளைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் விதை கட்டியது.

தேனிலும் விஷமா?

நாபியின் தேனிலும் விஷம் உண்டு. இது விஞ்ஞானிகளை வெகுநாள் குழப்பிய சங்கதி. இலையில் விஷம் வைப்பது புரிகிறது. மாடு தின்னாமல் இருக்கத்தான். ஆனால் வா வா என்று அழைத்த விருந்தாளிக்கு வைக்கும் பாயசத்தில் யாராவது விஷம் கலப்பார்களா?

விடை தெரிய வேண்டுமானால் கள்ளர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். குண்டுத் தேனீகளிலேயே நாக்குக் குட்டையான ஜாதிகள் உண்டு. முன்வாசல் வழியாகப் போனால் கிண்ணம் எட்டாது. ஆகவே அவை தொப்பியின் மேல் ஏறி உட்கார்ந்து, வெளிப்பக்கமாக ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஆல்ப்ஸில் இதற்கென்றே கீழ்வாயில் பல் வைத்த ஒரு ஜாதி இருக்கிறது. தாவர நிபுணர்களிடையே பெயர் போன கன்னக்கோல் திருடன். கள்ளனின் வயிறு மகரந்தத்தில் படுவதே இல்லை. தேன் போயிற்று, வேலை நடக்கவில்லை. காலிக் கிண்ணத்தைக் கண்ட உண்மையான விருந்தாளியும் சலித்துப்போய் வேறு பக்கம் போய்விடுவாள்.

2017-ல் பிரிட்டனின் கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்தவர்கள் உள்பட ஒரு விஞ்ஞானிகள் குழு இதை அளந்தே பார்த்தது. நீல நாபி, மஞ்சள் நாபி இரண்டின் தேனையும் எடுத்துச் சோதித்தார்கள். எந்தப் பூவுக்கு யார் வருகிறார்கள் என்று எண்ணினார்கள். குட்டை நாக்குக் கள்ளனுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் விஷத்தைக் கலந்து வைத்தும் பார்த்தார்கள். பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் விஷம் போனதுமே கள்ளன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீண்ட நாக்கு விருந்தாளியோ, அதைப்போலப் பத்து மடங்கு கசப்பிருந்த பூவுக்கும் வந்துகொண்டிருந்தாள். பத்து லட்சத்தில் 200 பங்கிலிருந்து 380 பங்கு வரை ஏறும்போதுதான் அவள் வரவும் சட்டென்று குறைந்தது.

செடி நடப்பது கயிற்றின்மேல் என்பது இதிலிருந்து விளங்குகிறது. விஷம் குறைந்தால் கள்ளன் நுழைவான். கூடினால் விருந்தாளியும் போய்விடுவாள். மஞ்சள் நாபி அநேகமாக எல்லாப் பூக்களிலும் தேன் வைக்கிறது. அதனால் அதற்கு விருந்தாளியும் அதிகம், கள்ளனும் அதிகம். நீல நாபி தேனில் கஞ்சத்தனம் காட்டுகிறது, கூட்டமும் குறைவு. எது கெட்டிக்காரத்தனம் என்று மனிதர் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டும் பல லட்சம் வருஷமாகப் பிழைத்துவந்திருக்கின்றன.

ஒரு தேசப்படம்

1890-ஐ ஒட்டி வியன்னாவில் மோரிட்ஸ் குரோன்ஃபெல்ட் என்ற தாவர நிபுணர் ஒரு காரியம் செய்தார். உலகத்தில் நாபி எங்கெங்கே விளைகிறது என்று ஓர் எல்லை போட்டார். குண்டுத் தேனீ எங்கெங்கே வாழ்கிறது என்று மற்றோர் எல்லை போட்டார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், முதல் எல்லை முழுவதும் இரண்டாம் எல்லைக்குள் அடங்கிவிட்டது. குண்டுத் தேனீ இருக்கும் இடமெல்லாம் நாபி இருப்பதில்லை. தென் அமெரிக்காவில் ஈ உண்டு, செடி இல்லை. ஆனால் நாபி இயற்கையாக முளைத்த ஓரிடத்திலும் குண்டுத் தேனீ இல்லாமல் இல்லை.

தமிழில் இந்த ஈக்குப் பெயரில்லாத காரணமும் இதே படத்தில் இருக்கிறது. இமயமலைப் பக்கம் நாற்பதுக்கு மேற்பட்ட குண்டுத் தேனீ இனங்கள் வாழ்கின்றன. அங்கே நாபியும் ஏராளம். இந்தியாவின் தென்பகுதிக்கு இந்த ஈ வந்து சேரவே இல்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிருக்குக் குறைவில்லை. ஆனால் காட்டில் ஈயும் இல்லை, நாபியும் இல்லை. நாட்டு மருந்துக் கடைச் சாக்கில் கிடக்கும் கிழங்கு இமயத்திலிருந்து பிரயாணம் செய்து வந்தது. நம் பாட்டன்மார் கிழங்கைத்தான் கண்டார்கள். பூவையும் அதன் விருந்தாளியையும் காணவில்லை.

இதையே உண்டு வாழ்பவள்

குண்டுத் தேனீகளில் அநேகம் பல பூக்களுக்கும் போகும். நாபி அவற்றுக்குப் பல கடைகளில் ஒரு கடை. ஆனால் இரண்டு ஜாதிகள் மட்டும் தங்கள் குஞ்சுகளுக்கு நாபியின் மகரந்தத்தையே நம்பி வாழ்கின்றன. ஒன்று ஸ்காண்டிநேவியாவிலிருந்து கிழக்கே ஆசியா வரை இருக்கிறது. மற்றொன்று ஆல்ப்ஸ், பிரனீஸ் போன்ற ஐரோப்பிய மலைகளில் வாழ்வது. விலங்கு நூலார் அதைக் கெர்ஸ்டெக்கரின் பெயரால் அழைக்கிறார்கள்.

தேனைவிட மகரந்தத்தில் விஷம் அதிகம். அதைத்தான் இந்த ஈக்கள் உருட்டிக் காலில் ஒட்டிக்கொண்டு போய்க் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. மற்ற ஜாதிகள் வேண்டாமென்று விட்ட பண்டம் இவர்களுக்கு முழுச் சொத்தாகிவிட்டது.

அதோடு, பிறவியிலேயே ஒரு ஞானமும் கூட வருகிறது. 1988-ல் லாவர்ட்டி, பிளௌரைட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், வெளி உலகத்தையே பார்த்திராத இளம் ஈக்களை நாபிப் பூவில் கொண்டுபோய் விட்டார்கள். பல பூக்களுக்குப் போகும் ஜாதியின் இளம் ஈக்கள் தடுமாறின. பூவின் தப்பான மூலையில் தேடின. பல ஈக்களுக்குக் கிண்ணம் இருக்கும் இடமே பிடிபடவில்லை. ஸ்காண்டிநேவிய நாபி ஈயின் குட்டிகளோ, தாய் வீட்டுக்குப் போவதுபோல நேராகத் தொப்பிக்குள் ஏறிவிட்டன. பழகப் பழக மற்ற ஜாதிகளும் கற்றுக்கொள்கின்றன. இவர்களுக்குப் பாடமே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒரே கடையில் கணக்கு வைத்தவனுக்குள்ள கஷ்டம் இவர்களுக்கும் உண்டு. கடை மூடினால் பட்டினி.

நாக்குக் குட்டையாகிறது

ஐரோப்பாவின் குண்டுத் தேனீ இனங்கள் 68. 2014-ல் அவற்றின் நிலையைக் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய நாலில் ஒன்று ஆபத்திலிருப்பதாகத் தெரிந்தது. கெர்ஸ்டெக்கர் ஈயும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதற்கு எப்போதுமே கூட்டம் சிறியது; இடமும் குறுகியது.

குளிருக்காக உருவான சரீரத்துக்கு வெப்பம் சத்துரு. 2015-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. குண்டுத் தேனீகளின் தெற்கு எல்லை சில இடங்களில் 300 கிலோமீட்டர் வரை சுருங்கிவிட்டிருந்தது. தெற்கில் இழந்ததை வடக்கே முன்னேறி ஈடு செய்துகொண்டதாகவும் இல்லை. மலையில் வாழ்பவர்கள் மேலே மேலே ஏறலாம். உச்சிக்குப் போய்விட்டால் அப்புறம் எங்கே ஏறுவது?

அதே ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. அங்கே உயர்ந்த சரிவுகளில் வாழும் இரண்டு குண்டுத் தேனீ இனங்களை, பழைய பெட்டிகளில் குத்தி வைத்திருந்த ஈக்களோடு ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய நாற்பது வருஷத்தில் நாக்கின் நீளம் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது! கோடை வெப்பத்தில் பூக்கள் குறைந்துவிட்டன. ஆழமான பூவை மட்டும் நம்பியிருக்க முடியாமல் கிடைத்த பூவிலெல்லாம் தேன் எடுக்கவேண்டி வந்தது. அதற்குக் குட்டை நாக்கே போதும் என்றாகிவிட்டது. இந்தக் கணக்கு நாபியை வைத்துப் போட்டதல்ல. ஆனால் நாபி தன் தொப்பியை வைத்திருக்கும் ஆழம் மாறவில்லை. நாற்பது வருஷம் என்பது ஈக்கு நாற்பது தலைமுறை. செடிக்கு அது அவ்வளவு நீண்ட காலமல்ல.

இமயத்தில் கதை வேறு. அங்கே வெப்பத்தோடு மண்வெட்டியும் சேர்ந்துகொள்கிறது. கிழங்கைத் தோண்டினால் செடியே போயிற்று. மலைவாசிகளுக்கு வருஷத்தில் சில மாதம் கையில் காசு புரள்வது இந்தக் கிழங்குகளால்தான். அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கீழே சமவெளியில் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். விஷமற்ற அதிவிடயத்துக்குக் கிராக்கி அதிகம். ஆகவே விஷ இனங்களைவிட அதற்கே கஷ்டமும் அதிகம். அழியும் ஆபத்திலுள்ள செடியென்று சர்வதேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். விதை கட்டும்வரை காத்திருந்து தோண்டினால் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் விதை கட்ட ஈ வரவேண்டும். ஈ வரப் பூ நிறைய இருக்கவேண்டும். ஒரு சரிவில் பத்துச் செடி மட்டும் மிஞ்சியிருந்தால் அதற்காக மலை தாண்டி வரும் ஈ எது?

உத்தராகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் யாத்திரிகர்கள் போகிறார்கள். மழைக்காலத்தில் அங்கே இந்தக் குடும்பத்துச் செடிகளைப் பூத்த நிலையில் பார்க்கலாம். பறிக்கக் கூடாது, பறித்துக் கையைக் கழுவாமல் சாப்பிடவே கூடாது. நின்று பார்ப்பதில் தடையில்லை. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் ரீங்காரம் கேட்கும். வந்தவள் அடிப்பூவில் இறங்குகிறாளா, தொப்பியின் மேல் உட்கார்ந்து ஓட்டை போடுகிறாளா என்பதைக் கவனித்தால் விருந்தாளியா கள்ளனா என்று சொல்லிவிடலாம்.

ஆல்ப்ஸில் செப்டம்பர் முடிவதற்குள் மாடுகளைக் கீழே ஓட்டிப் போய்விடுவார்கள். குடிசைக்குப் பக்கத்தில் கதிர்கள் காய்ந்து, நெற்றுகள் வெடித்து விதை சிந்துகின்றன. மண்ணுக்குள் பழைய கிழங்கு அழுகிப் போகிறது. அதன் பக்கத்திலேயே இந்த வருஷம் திரண்ட புதுக் கிழங்கு இருக்கிறது. கெர்ஸ்டெக்கர் ஜாதியின் இளம் ராணியும் எங்கோ பக்கத்து மண்ணில் குழி பறித்துப் படுத்துவிட்டாள். அவற்றின்மேல் பனி விழுந்து மூடுகிறது. வசந்தத்தில் பனி உருகி, மற்ற ஜாதி ராணிகள் எழுந்து குடித்தனம் தொடங்கிப் பெண்களையும் வளர்க்கத் தொடங்கிவிடுவார்கள். இவள் மட்டும் எழுந்திருக்க மாட்டாள். நாபி மொட்டு விட ஜூன் கடைசியாகும்.